உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் உரிமை: சிறைப் பார்வையாளர் குழுவைத் தெரிந்துகொள்வோம்

நோன்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அஸர் தொழுகை முடிந்து நம் அறக்கட்டளை அலுவலகத்தைத் திறந்த நேரத்தில் ஒரு தாய் படியில் உட்கார்ந்திருந்தார். மகன் ஐந்து மாதமாக விசாரணைச் சிறைவாசி. வழக்கு என்ன, அதைச் செய்தாரா இல்லையா என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. இங்கே அது பேச்சில்லை. அன்று காலை ஏழு மணிக்கே சிறை வாசலில் மனு போட்டுவிட்டுக் காத்திருந்தவரைப் பதினோரு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். வலைக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் இவர். இரண்டு பக்கமும் பத்துக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் உரக்கப் பேசும் இரைச்சல். "நல்லா இருக்கேன் உம்மா, அழாதே" என்பதைத் தவிர மகன் வேறெதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் வார்டர் நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

உண்மை வேறு வழியில் வந்தது. ஜாமீனில் வெளியே வந்த இன்னொரு பையன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார். சர்க்கரை மாத்திரை சில நாள் கிடைக்கிறது, சில நாள் கிடைப்பதில்லை. காலில் ஒரு புண் மூன்று வாரமாக ஆறவில்லை. "தம்பி, உள்ளே போய் அவனை யாராவது பார்த்துட்டு வந்து சொல்ல முடியுமா? சண்டை போட வேண்டாம். பார்த்துட்டு உள்ளதைச் சொன்னாப் போதும்" என்று அந்தத் தாய் கேட்டார்.

அவர் கேட்டது சலுகை அல்ல. நாட்டின் சட்டத்திலேயே இருக்கும் ஓர் ஏற்பாடு அது. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. அந்தத் தாய்க்குப் பதில் சொல்வதற்காகத்தான் தேடிப் படித்தோம். படித்ததை இந்த இதழில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விவரப்படி, 2022 ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அந்தச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவு 4,36,266. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள், அதாவது குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். நான்கு பேரில் மூன்று பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் நம் சமுதாயத்தின் பங்கைவிடச் சிறைகளில் நம் பங்கு கூடுதல் என்பதையும் இதே ஆவணங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆக, சிறைக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தொலைவில் உள்ள சங்கதி அல்ல. நம் தெருவில் யாராவது ஒரு வீட்டில் அந்தக் கவலை இருக்கிறது, வெளியே சொல்லாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு கடிதத்தில் தொடங்கியது

1979இல் தில்லி திகார் சிறையிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் சுனில் பத்ரா, மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த சிறைவாசி. தனக்காக அவர் எழுதவில்லை. பணம் கேட்டு ஒரு வார்டர் இன்னொரு சிறைவாசியைச் சித்திரவதை செய்தார் என்பதே கடிதத்தின் செய்தி. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர்களை நியமித்துச் சிறைக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பு 1979 டிசம்பரில் வந்தது.

சிறைக் கதவு மூடிய பிறகும் உள்ளே இருப்பவருக்கு அடிப்படை உரிமைகள் உண்டு, அவற்றைக் காப்பது நீதிமன்றத்தின் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நடைமுறைக்கும் அது சில கட்டளைகளைத் தந்தது. மாவட்ட நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் தாமாகவோ தம் சார்பில் ஒருவரை அனுப்பியோ சிறைக்குப் போய்க் குறைகளைக் கேட்க வேண்டும். சிறைக்குள் குறைதீர்ப் பெட்டி இருக்க வேண்டும். அதைத் திறப்பது அவர்களின் பொறுப்பில் நடக்க வேண்டும். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்கள் சிறைவாசியோடு இரகசியமாகப் பேச வசதி செய்ய வேண்டும். தனிமை அறையில் அடைப்பது போன்ற கடும் தண்டனைகளுக்கு அமர்வு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். அவசரமாக அப்படிச் செய்ய நேர்ந்தால் இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பார்வையாளர் என்ற ஏற்பாடு இதற்கும் முந்தையது. 1894ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் சட்டமே, சிறைகளுக்குப் பார்வையாளர்களை நியமிக்க விதிகள் செய்யலாம் என்று சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில்கூட வெளியாள் உள்ளே வந்து பார்க்க ஒரு வாசல் வைத்திருந்தார்கள். அந்த வாசலை நாம் தட்டாமல் இருப்பதுதான் வருத்தம்.

குழுவில் யார் இருப்பார்கள்?

மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேட்டில் பார்வையாளர் குழுவுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. மாவட்ட நீதிபதி, மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மருத்துவ அதிகாரி, பொதுப்பணித் துறைப் பொறியாளர் போன்றோர் பதவி வழியாக வருகிறவர்கள். இவர்களை அலுவல்சார் பார்வையாளர்கள் என்பார்கள். அலுவல் சாராப் பார்வையாளர்கள் என்று இன்னொரு வகை உண்டு. சட்டமன்ற உறுப்பினர்களும், சிறைவாசிகளின் நலனில் அக்கறை உள்ள சமூக சேவகர்களும் அதில் வருவார்கள். சமூக சேவகர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். சிறையின் எந்தப் பகுதிக்கும் போகலாம், பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம், சிறைவாசிகளிடம் பேசலாம். பார்த்ததைப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதற்குச் சிறைக் கண்காணிப்பாளர் என்ன செய்தார் என்று மேலிடத்துக்குப் பதில் எழுத வேண்டும்.

இந்தக் குறிப்பேட்டில்தான் குழுவின் பலம் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. வாயால் சொன்னது அன்றோடு போய்விடும். "இரண்டாம் பிளாக் கழிவறையில் தண்ணீர் வரவில்லை" என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டால், அடுத்த மாதம் வருபவர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு தண்ணீர் வந்ததா என்று கேட்கலாம்.

2015இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாச் சிறைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தச் சொன்னதோடு, அலுவல் சாராப் பார்வையாளர்களை நியமிப்பதையும் மாநில அரசுகள் கவனிக்க வேண்டும் என்றது. 2024 அக்டோபரில் இன்னொரு முக்கியமான தீர்ப்பு வந்தது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதி பார்த்துத் தனித்தனியே அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அந்தப் பாகுபாடு இன்னும் இருக்கிறதா என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளையைப் போடுவது நீதிமன்றம். அதை உள்ளே போய்ச் சரிபார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பார்வையாளர்.

எதைப் பார்க்க வேண்டும்?

குழு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அன்று தரை பளபளக்கும், சாம்பாரில் காய் தென்படும். வெளியே வந்த சிறைவாசிகள் பலர் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இது. அதனால்தான், ஐ.நா. சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், முன்னறிவிப்பு இல்லாமல் போகவும், எந்தச் சிறைவாசியைப் பார்ப்பது என்று ஆய்வாளரே முடிவு செய்யவும், அவரோடு தனியாக, யார் காதிலும் விழாமல் பேசவும் அதிகாரம் வேண்டும் என்கின்றன. சிறைத்துறையின் சொந்த ஆய்வு ஒன்றும், சிறைத்துறையைச் சாராத வெளி அமைப்பின் ஆய்வு ஒன்றும் தனித்தனியே இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நிர்வாகம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு சிறைக்கும் சுதந்திரக் கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. சம்பளம் வாங்காத, அந்தப் பகுதியின் சாதாரண மக்கள்தான் உறுப்பினர்கள். எந்த நேரமும் போகலாம், எந்த அறைக்கும் போகலாம், காவலர் கேட்காத இடத்தில் சிறைவாசியோடு பேசலாம். ஆண்டுதோறும் அமைச்சருக்கு அறிக்கை எழுதுகிறார்கள். அது பொதுமக்களுக்கும் வெளியாகிறது. அங்கேயும் பழைய பெயர் பார்வையாளர் குழுதான், 2003இல்தான் பெயர் மாறியது. அந்த நாட்டுச் சிறைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று நாங்கள் சொல்லவில்லை. சரியில்லை என்று எழுதி வெளியிட ஒரு குழு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

நல்ல பார்வையாளர் சமையல் கூடத்திலிருந்து தொடங்குவார் என்று அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர் எங்களிடம் சொன்னார். அரிசி இருப்புப் பதிவேட்டில் எவ்வளவு, அன்று உலையில் எவ்வளவு? பிறகு மருத்துவமனைப் பிரிவு. மருந்து இருப்பு என்ன, மருத்துவர் கடைசியாக எப்போது வந்தார், வெளி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி எழுதியும் வழிக்காவல் இல்லை என்று நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? புதிதாக வந்தவரை உள்ளே எடுக்கும்போது மருத்துவர் உடலைப் பார்த்துக் காயங்களை எழுதினாரா? 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்த சில நாட்களில் இறந்ததை நாம் மறக்க முடியாது. கிளைச் சிறைகள் சிறியவை, ஊருக்குள்ளேயே இருப்பவை. ஆனால் மத்தியச் சிறைகளைவிட அங்கே கண்கள் குறைவு.

பெண்கள் சிறையில் கேள்விகள் வேறு. ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். அந்தக் குழந்தையைச் சிறைவாசியாக நடத்தக் கூடாது, உணவு, மருத்துவம், படிப்பு, விளையாட்டு எல்லாம் கிடைக்க வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைக்குப் பால் வந்ததா, மாதவிடாய்க் காலத்தில் வேண்டிய துணியோ நாப்கினோ கேட்காமலே கிடைக்கிறதா என்பதை ஒரு பெண் கேட்டால்தான் இன்னொரு பெண் பதில் சொல்வார். குழுவில் பெண் உறுப்பினர் வேண்டும் என்பது கணக்குக்காக எழுதிய விதி அல்ல.

நோன்பு மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கேள்வி உண்டு. மாலையில் அறைகளை அடைத்துவிடுவார்கள். நோன்பு திறக்கத் தண்ணீராவது அறைக்குள் இருக்கிறதா, ஸஹருக்கான உணவு எந்த நேரத்தில் கைக்கு வருகிறது என்பதை நோன்புக்கு முன்பே கேட்டு ஏற்பாடு செய்துவிட்டால் சிரமமில்லை. மாதம் பாதி போனபின் கேட்பதில் பயன் குறைவு.

சின்னப் பொருள்கூட எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு, திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை நினைத்துப் பார்க்கலாம். 2020 அக்டோபரில் கைதாகி மும்பை அருகே தலோஜா சிறையில் இருந்தவர். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாத நிலை. உறிஞ்சு குழாயும் மூடியுள்ள குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பல நாட்கள் போயின. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, 84ஆம் வயதில் மருத்துவமனையில் இறந்தார். ஒரு குவளையை நீதிமன்றம்வரை கொண்டுபோகாமல் உள்ளேயே தீர்த்துவைக்கத்தான் பார்வையாளர் என்று ஒருவர் வேண்டும்.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

எங்களிடம் வரும் குடும்பங்கள் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: "எழுதிக் கொடுத்தா உள்ளே இருக்கிறவனை இன்னும் சிரமப்படுத்துவாங்களே." இந்த அச்சத்தைப் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் வெளியிலிருந்து யாரும் கேட்காத சிறைவாசியைவிட, வெளியிலிருந்து கேட்பவர்கள் உள்ள சிறைவாசிக்குப் பாதுகாப்பு அதிகம் என்பதே நாங்கள் பார்த்தது. குற்றம் சாட்டும் தொனியில் எழுத வேண்டாம். யார் தவறு என்று எழுதவும் வேண்டாம். என்ன தேவை, எந்தத் தேதியிலிருந்து கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். மருத்துவச் சீட்டின் நகலை இணையுங்கள்.

முதல் மனு சிறைக் கண்காணிப்பாளருக்கு. நகல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு. அவர் நீதித்துறையைச் சேர்ந்தவர், அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். விரைவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தார்கள் என்பது போன்ற பெரிய புகார் என்றால் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குப் போகலாம். சிறைக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரம் அதற்குச் சட்டத்திலேயே உண்டு. நடந்ததிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைச் சிறைவாசியாகவே கழித்தவர் பிணைக்குத் தகுதி பெறுகிறார். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒருவர்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. எழுதினாரா என்று கேட்பது பார்வையாளரின் வேலை, விசாரணைச் சிறைவாசிகள் மறுஆய்வுக் குழுவின் வேலை, நம் வேலையும்தான். தேதியைக் கணக்கிட்டு வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

குழு எப்படி இருக்கிறது என்று அறியத் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். நாங்களும் ஒரு சிறையைப் பற்றிப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேட்டோம். குழுவில் இப்போது யார் யார், கடந்த ஓராண்டில் எந்தத் தேதிகளில் வந்தார்கள், குறிப்பேட்டில் என்ன எழுதினார்கள், அதன்மேல் என்ன நடவடிக்கை என்பவை கேள்விகள். பதில் வந்தது. அலுவல்சார் உறுப்பினர்களின் பெயர்கள் இருந்தன. அலுவல் சாரா உறுப்பினர்களின் இடத்தில் "காலி" என்று இருந்தது.

அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு அரசைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள் நம் ஊரில் இல்லையா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். யாராவது என்றைக்காவது விருப்பம் தெரிவித்து எழுதிப் போட்டோமா? நம் மஹல்லாவிலிருந்து ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும் விருப்பக் கடிதம் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் சேர்த்து, நகலில் முத்திரை வாங்கியிருக்கிறோம். நம்மவரைப் பார்க்க நம்மவர் என்ற எண்ணத்தில் அல்ல. உள்ளே போகிறவர் அங்கே இருக்கும் எல்லாரையும்தான் பார்க்க வேண்டும், யார் பிள்ளையாக இருந்தாலும்.

அந்தத் தாயின் மனுவைச் செயலாளரிடம் சேர்த்த ஐந்தாம் நாள், ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் சிறைக்குப் போய் மகனைத் தனியாகச் சந்தித்தார். அடுத்த வாரம் வழிக்காவலோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். மாத்திரை இப்போது வருகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இன்னும் தவறுகிறது என்று கடைசியாக மனு பார்த்துவிட்டு வந்தபோது அந்தத் தாய் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்காக இன்னொரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மனு எழுத உதவி வேண்டுவோர் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்துக்கு வரலாம். சிறைவாசி எண், வழக்கு எண், சிறைக்குப் போன தேதி, மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பெண்கள் பேச நம் சகோதரிகள் இருவர் அலுவலகத்தில் இருப்பார்கள். சொல்வது எதுவும் அறையை விட்டு வெளியே போகாது.